கிளிப்பச்சை லேத்துகள் பின்னோக்கிச் சுழன்ற நாள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆவடியை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் இயந்திரப் பட்டறையில் உதவியாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அப்பட்டறையில் இன்று பணிபுரியும் இளைஞர் இருவர் சென்ற வாரம் பருத்திப்பட்டில் உள்ள என் இல்லத்திற்கு வந்தனர். எங்கள் காலத்தில் 'ஜெனரல் மெஷினிஸ்ட்' என்று வழங்கிய தொழிற்கல்விப் பிரிவு இப்போது 'அடிப்படை இயந்திரவியல்' என்று பெயர் மாறியிருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி பட்டறையும் புதிதாகத் தோன்ற வேண்டும் என்று எண்ணி, இரும்பைச் சுழற்றிக் கடையும் பழைய இரண்டாம் எண் லேத்தின் சாம்பல் வண்ணத்தை அவர்கள் சுரண்டியிருக்கிறார்கள். அடியில் கிளிப்பச்சை வெளிப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு செந்தாமரை. தாமரைக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'ஒலி எழுப்பவும்'.

"சார், லேத்துக்கு எதுக்கு சார் ஆரன்?" என்று அவர்களுள் ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டார்.

நான் விடை சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதுவே. என் மனைவியார் தண்ணீர்ச் செம்புடன் ஓடி வந்துவிட்டார். "எழுதியே தருகிறேன்" என்று வாக்களித்து அவ்விளைஞர்களை அனுப்பி வைத்தேன். அந்த வாக்கே இக்கட்டுரை.

என் தகுதியை முதலில் கூறிவிடுதல் முறை. பள்ளியில் நான் கற்றது எட்டாம் வகுப்பு வரை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். பின்பு எண்ணெய் விடுபவனானேன். ஒருவர் விடுப்பில் சென்ற நாளில் லேத்து ஓட்டுபவனும் ஆனேன். மீதிக் கல்வியை, உதிரிப் பொருள்களைச் சுற்றி வந்த செய்தித்தாள்களின் தலையங்கங்களிலிருந்து பெற்றேன். ஒரு தலையங்கத்தின் முற்பாதி ஒரு பொட்டலத்திலும் பிற்பாதி எங்கோ வேறொரு பட்டறையிலும் இருக்கும். ஆகையால் அக்காலத்து நாட்டு நடப்புகள் பலவற்றின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பட்டறை மூடப்பட்டது. ஒரு பள்ளியில் மூன்று லேத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன, துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்வியுற்றேன். தற்காலிகப் பணி என்ற ஆணையுடன் அங்கே சேர்ந்தேன்.

மேல்நிலை வகுப்பிலேயே இயந்திரவியல் கற்கலாம் என்பதை அந்நாளில் ஒருவரும் நல்ல செய்தியாகக் கருதவில்லை. கணிதப் பிரிவு கிடைக்காதவன், அறிவியல் பிரிவு கிடைக்காதவன், வணிகவியலும் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவன், இவர்களே எங்கள் வாயிலில் வந்து நின்றனர். அவர்களை எதிர்கொண்டவர் எங்கள் தொழிற்கல்வி ஆசிரியர் தனபால் சார்.

அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பாடியில் ஓர் ஆலையில் பல்லாண்டு உழைத்துவிட்டு ஆசிரியராக வந்தவர். உயரம் குறைவு; குரல் அதனினும் குறைவு. முதல் நாள் தலை கவிழ்ந்து நிற்கும் மாணவனிடம், "வாங்க இஞ்சினியர், தொடப்பம் அந்த மூலையில இருக்குது, பொடியக் கூட்டுங்க" என்பார். அந்த ஒரு விளிப்பிலேயே பையனின் தலை நிமிரும். கையில் துடைப்பம் ஏறியிருப்பது பிறகுதான் அவனுக்குத் தெரியும். அவர் எவரையும் கடிந்து பேசியதில்லை. தவறு நேர்ந்தால் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, நான்காக மடித்து, மீண்டும் பையில் வைப்பார். அதற்குள் தவறு செய்தவன் வியர்த்துவிடுவான்.

மாணவர் வருகையைப் பதிவு செய்யுமுன் அவர் சாவிகளின் வருகையைப் பதிவு செய்வார். லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்குச் சக்கு என்று பெயர். அதை இறுக்குவதற்கு ஒரு கனமான சாவி உண்டு. சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தினால் அது பறந்து போய் எதிரில் நிற்பவரைத் தாக்கும். ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பச்சைப் பொத்தானை அழுத்துமுன், சாவியை இடக்கையில் தலைக்கு மேல் உயர்த்தி, "சாவி கையில" என்று உரக்கக் கூற வேண்டும். கூறாமல் அழுத்தியவன் அன்று முழுவதும் இரும்புப் பொடி கூட்டுவான். நாளடைவில் இவ்வழக்கம் பட்டறைச் சுவரைத் தாண்டியது. வாசற்கதவைப் பூட்டும்போது எங்கள் மாணவர்கள் தம்மை அறியாமல் சாவியை உயர்த்திக் கூவுவதாகப் பெற்றோர் சிலர் முறையிட்டனர்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஓராண்டு, கோமதி என்னும் பெண் இப்பிரிவில் சேர வந்தாள். பாரிவாக்கத்தைச் சேர்ந்தவள். அவள் தந்தையார் அங்கே ஒருவரது நிலத்துப் பம்ப்செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். உடன் வந்த தாயார் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கவலையுடன் நின்றார்.

"ஏன் சார், டைப்பு அடிக்கிற குரூப்பு இல்லியா? பொம்பளப் புள்ள இரும்பு ராவிகினு நின்னா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"டைப்பும் கீதும்மா. ஆனா உங்க பொண்ணு உள்ள வந்ததுலேர்ந்து அந்த மோட்டாரையே பாத்துகினு இருக்குது. நீங்களே கேளுங்க."

கோமதி திரும்பிப் பாராமலே சொன்னாள்: "மா, நம்ம கொட்டாயில கீற மோட்டார விட இது சின்னது மா."

அவ்வளவே நேர்முகத் தேர்வு. அவளுடன் சேர்ந்த மாணவருள் சேகர் என்பவனை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். அவன் மாமா பாடியில் லாரிகளுக்கு வண்ணம் பூசுபவர். பேச்சில் அவனை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆளில்லை.

இனி, அவர்கள் இரண்டாம் ஆண்டில் படிக்கையில் நேர்ந்த இடர்ப்பாட்டுக்கு வருகிறேன். முந்தைய ஆண்டுச் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த புறத்தேர்வர், 'இயந்திரங்கள் துருவேறிய நிலையில் உள்ளன' என்று அறிக்கையில் எழுதிவிட்டுச் சென்றிருந்தார். தலைமையாசிரியர் அதைத் தனபால் சாரிடம் காட்டி, இவ்வாண்டும் இதே சொல் வந்தால் பிரிவை மூடிவிட்டு அந்த அறையைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட நேரும் என்று வருத்தத்துடன் கூறினார். பிரிவு மூடப்பட்டால் முதலாம் ஆண்டில் படிப்போர் நடுவழியில் நிற்பர். என் தற்காலிகப் பணியும் அத்துடன் முடியும்.

தேர்வுக்கு முந்தைய வாரம், உறவினர் திருமணத்தை முன்னிட்டுத் தனபால் சார் ஊருக்குச் சென்றார். போகும்போது, "மெஷினத் தொடச்சி, எண்ண போட்டு, ஒரு தபா ஓட்டிப் பாத்து வைப்பா" என்று மட்டும் கூறினார். துடைத்தால் துரு போகுமா என்று நான் ஏங்கி நிற்கையில் சேகர் வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, மொகம் தொங்கிப் போச்சி? எங்க மாமனுக்கு ஒரு வார்த்த சொன்னா லாரியே கல்யாணப் பொண்ணு கணக்கா மாறிடும். இது தம்மாத்தூண்டு லேத்து."

சனிக்கிழமை காலையில் மாமா வந்தார். வண்ணம் பீய்ச்சும் துப்பாக்கி, காற்றழுத்தி, மீந்துபோன கிளிப்பச்சை வண்ணம் இரண்டு டப்பா ஆகியவற்றுடன் வந்தார். அவர் இட்ட முதற்கட்டளை: "மோட்டார கயட்டு நைனா. பின்னால கை போவல." நான் மூன்று லேத்துகளின் மோட்டார்களையும் கழற்றினேன். மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் அவை. ஒவ்வொன்றிற்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று கம்பிகள் செல்லும். அக்கம்பிகளைத் தொங்க விட்டேன், மூடி வைக்கவில்லை. மாமா பீய்ச்சத் தொடங்கினார்.

ஐயா, அந்த அழகை நான் எவ்வாறு விவரிப்பேன். துரு போயிற்று, கறை போயிற்று. முதல் லேத்தில் ஒரு மயில் எழுந்தருளிற்று. இரண்டாவதில் தாமரை மலர்ந்தது. கை வேகத்தில் மாமா, லாரியின் பின்புறம் என்றே எண்ணினார் போலும், 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். மூன்றாவதில் 'நன்றி, மீண்டும் வருக'. நான் தடுக்கவில்லை. தடுக்கும் மனநிலையில் இல்லை. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பிற்பகல் மோட்டார்களைப் பொருத்தச் சென்றபோதுதான் கண்டேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்பன இல்லை. ஒன்பது கம்பிகளும் கிளிப்பச்சையாக இருந்தன. முனைகளைக் கத்தியால் சுரண்டிச் செம்பு தெரியச் செய்து, எது எங்கிருந்தது என்று நினைவிலிருந்து ஊகித்து இணைத்தேன். அதன்பின் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் வண்ணம் முற்றிலும் உலரவில்லை. ஓட்டினால் எண்ணெய் தெறித்து மயிலின் மீது விழும். எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் தனபால் சார் வாசற்படியிலேயே நின்று, மூன்று லேத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் சரியாப்பா?" என்றார் இறுதியில்.

"சரி சார்" என்றேன். என் பணிக்காலத்தில் நான் உரைத்த பொய்களுள் இதுவே மிகச் சிறியது. மிகப் பெரியதும் இதுவே.

அவர் இரண்டாம் லேத்தின் எழுத்துகளை ஒருமுறை படித்தார். கைக்குட்டையை எடுத்தார். அதற்குள் புறத்தேர்வர் வந்துவிட்டார்.

தென் மாவட்டத்துக்காரர்; ஒல்லியானவர்; கையில் அளவுகோல் வைத்திருப்பவர்போல் நடப்பவர். மூன்று லேத்துகளையும் வலம் வந்தார். தாமரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன, பட்டறையா, லாரி ஷெட்டா? ஒலி எழுப்பவும்னு எழுதியிருக்கே, எதுக்கு?"

தனபால் சார் இமைக்காமல் விடையளித்தார்: "எங்க வழக்கம் சார். ஒலி எழுப்பாம நாங்க மெஷின் ஓட்டுறதில்ல."

புறத்தேர்வர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின்பு விதிகளை அறிவித்தார். தேர்வு நேரம் மூன்று மணி. மாணவரைத் தவிர வேறு யாரும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. ஆசிரியரும் உதவியாளரும் மாணவரிடம் பேசக்கூடாது. பேசினால் இம்மையத்தின் தேர்வையே நிறுத்தப் பரிந்துரைப்பார். என்னை மின்பலகைக்கு அருகில் ஒரு முக்காலியில் அமர்த்தினார்.

சீட்டுக் குலுக்கியதில் கோமதிக்கு மயில் வந்தது, சேகருக்குத் தாமரை. மூன்றாம் லேத்தைப் பெற்ற மாணவன் 'சாவி கையில' என்பதைத் தவிர ஒரு சொல்லும் பேசாமல் தன் வேலையைச் செய்தான்; ஆகையால் அவன் இக்கட்டுரையில் இடம்பெறான்.

கோமதி இரும்புத் துண்டைப் பொருத்தினாள், சாவியை உயர்த்தினாள். "சாவி கையில." புறத்தேர்வர் திடுக்கிட்டுத் திரும்பினார். அடுத்து சேகர், "சாவி கையில" என்றான். புறத்தேர்வர் தாமரையின் கீழிருந்த எழுத்தைப் பார்த்து, தெளிவடைந்தவராகத் தலையசைத்தார்.

பச்சைப் பொத்தான்கள் அழுத்தப்பட்டன. வெட்டும் உளியை இரும்பின் அருகே கொண்டு சென்றாள் கோமதி. சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழ வேண்டும். மாறாக ஒரு கீச்சொலி எழுந்து, புகை வந்தது. லேத்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. உளியின் வெட்டும் விளிம்பு மேல்நோக்கி நிற்க, இரும்பு கீழிருந்து மேலாக அதை உரசிச் சென்றது.

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முக்காலியைப் பார்த்தேன்.

"சார், மெஷினு தலகீழா சுத்துது சார்" என்றாள் புறத்தேர்வரிடம்.

"என்னுதும் ரிவர்ஸ்ல போய்கினு கீது சார்" என்றான் சேகர். "பின்னால ஆளு கீதா பாத்துக்கோங்க."

புறத்தேர்வர் சிரிக்கவில்லை. "கொடுத்த மெஷின்ல செய்றதுதான் தேர்வு. யோசிங்க" என்றார்.

சேகர் யோசித்தான். உளியைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தகடு வைத்து உயரத்தைச் சரி செய்து பூட்டினான். "சாவி கையில" என்றான். ஓட்டினான். ஐயா, சுருள் விழுந்தது. மேல்நோக்கிச் சுழலும் இரும்பைக் கவிழ்ந்த உளி அழகாக உரித்தது. புறத்தேர்வர் முதன்முறையாக முகம் மலர்ந்தார். தனபால் சார் பெருமிதத்தை மறைக்கக் கூரையைப் பார்த்தார். நானும் ஒரு கணம் தப்பித்தேன் என்றே நினைத்தேன். அந்த ஒரு கணத்தில், அவர்கள் சுருளையும் கூரையையும் பார்க்க, நான் மட்டும் சக்கைப் பார்த்தேன்.

அவ்வகை லேத்தில் சக்கு, லேத்தின் அச்சில் மரை மூலம் திருகப்பட்டிருக்கும். முன்னோக்கிச் சுழன்று வெட்டும்போது வெட்டின் எதிர்ப்பு அம்மரையை இறுக்கிக்கொண்டே இருக்கும். பின்னோக்கிச் சுழன்று வெட்டினால் அதே எதிர்ப்பு மரையைக் கழற்றும். மாமா சக்கையும் அச்சையும் சேர்த்துப் பீய்ச்சியிருந்தார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிளிப்பச்சை ஒரே தோலாகப் படிந்திருந்தது. அத்தோலில் முடியிழை போல் ஒரு கறுப்புக் கோடு தோன்றிற்று. நான் பார்க்கப் பார்க்க அது நூலளவு ஆயிற்று. கனத்த சக்கு, சேகரின் நெஞ்சுக்கு நேரே, கழன்று வந்துகொண்டிருந்தது.

பேசக்கூடாது, தொடக்கூடாது என்ற விதிகளை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் அஞ்சியிருக்க மாட்டேன். எழுந்து மின்பலகையின் பிரதான விசையை இழுத்தேன். மூன்று லேத்துகளும் அடங்கின.

"யார் நிறுத்தினது?" என்றார் புறத்தேர்வர்.

"நான்தான் சார். சக்கு கழலுது. கம்பிய மாத்திக் குடுத்ததும் நான்தான். பெயிண்ட்டுல கலர் எல்லாம் மறஞ்சிப் போச்சி. ஓட்டிப் பாக்கல. சாரு கேட்டப்போ சரின்னு சொல்லிட்டேன்."

புறத்தேர்வர் சக்கின் அருகே குனிந்து அந்தக் கறுப்பு இடைவெளியை உற்றுப் பார்த்தார். தனபால் சார் என்னிடம் வந்தார். கைக்குட்டை விரிந்தது, மடிந்தது.

"எல்லாம் சரியான்னு கேட்டேன், சரின்ன. மயில பத்தித்தான் சொன்னியா?"

நிமிர்ந்த புறத்தேர்வரின் குரல் மாறியிருந்தது. "விதிப்படி, மெஷினத் தொடுற உரிமை மாணவருக்கு மட்டும்தான். இதச் சரி செய்ய வேண்டியதும் அவங்கதான். இதையே வாய்மொழிக் கேள்வியா வச்சுக்கிறேன். யாருக்குத் தெரியும்?"

கோமதி கையுயர்த்தினாள். "ரெண்டு கம்பிய மாத்திப் போட்டா நேராச் சுத்தும் சார்."

"எப்படித் தெரியும்?"

"ஊட்டாண்ட லைன் வேல நடந்தா, பம்ப்செட்டு ரிவர்ஸ்ல ஓடும் சார், தண்ணி ஏறாது. அப்பா ரெண்டு கம்பிய மாத்திப் போடுவாரு. நானும் போட்டுக் கீறேன்."

புறத்தேர்வர் மோட்டார்ப் பெட்டியைச் சுட்டினார். உள்ளே மூன்று கம்பிகள், மூன்றும் கிளிப்பச்சை.

"சரிம்மா. இதுல சிவப்பு எது, மஞ்சள் எது, நீலம் எதுன்னு யாருக்கும் தெரியல. இப்ப எந்த ரெண்ட மாத்துவ?"

ஞாயிறு பிற்பகல் முழுவதும் என்னை வாட்டிய கேள்வி அது. நிறத்தைத் தொலைத்தவன் நான் என்பதால் விடையும் என்னோடே தொலைந்தது என்று நம்பியிருந்தேன்.

கோமதி குழம்பியவளாக அவரைப் பார்த்தாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல.

"எந்த ரெண்டுன்னாலும் சரி சார்."

"எந்த ரெண்டுன்னாலுமா?"

"ஆமா சார். மூணுல எந்த ரெண்ட மாத்துனாலும் திரும்பிக்கும்."

புறத்தேர்வர் சிரிக்கத் தொடங்கினார். அளவுகோல் போன்ற அந்த மனிதர் தாமரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏனென்றால் அதுதான் முழுமையான, பிழையற்ற விடை. ஒன்பது கம்பிகளின் நிறத்தையும் அழித்த நான், உண்மையில் எதையுமே அழிக்கவில்லை.

"சரி, செய். ஆனா மின்சாரம் இல்லைன்னு எனக்கு உறுதி வேணும்" என்றார் அவர். பிறகு என்னை நோக்கி, "நீங்க ஃபீசக் கழட்டிக் கையில வச்சுக்கங்க" என்றார்.

நான் மின்பலகையிலிருந்து மூன்று ஃபீஸ் கட்டைகளையும் கழற்றினேன். என்ன தோன்றிற்றோ, அவற்றைத் தலைக்கு மேல் உயர்த்தி, "ஃபீஸ் கையில" என்று உரக்கக் கூவினேன். மாணவர் அனைவரும் கொல்லென்று சிரித்தனர். தனபால் சார் மட்டும் சிரிக்காமல், சரியென்று தலையசைத்தார்.

கோமதி தன் லேத்தின் கம்பிகளை மாற்றினாள். சேகருக்கும் காட்டிக் கொடுத்தாள். மூன்றாவது லேத்து மட்டும், என் ஊகத்தின் புண்ணியத்தில், முதலிலிருந்தே நேராகச் சுழன்றிருந்தது. அவன் சக்கை மீண்டும் இறுக்கி, உளியை நிமிர்த்தினான். நான் ஃபீஸ் கட்டைகளைப் பொருத்தினேன். "சாவி கையில" என்று மூன்று குரல்கள் ஒருசேர எழுந்தன. நின்ற நேரத்தைப் புறத்தேர்வர் கடிகாரம் பார்த்துக் கூட்டிக் கொடுத்தார். பிற்பகலில் கோமதியின் வேலைப்பொருளை நுண்ணளவியால் மூன்றிடத்தில் அளந்தவர், நான்காவதாக எங்கும் அளக்கத் தேவையில்லை என்று கீழே வைத்தார்.

என் பணி போய்விடும் என்றே நான் மறுநாள் வந்தேன். தலைமையாசிரியர் அறிக்கையின் படியை எங்களுக்குப் படித்துக் காட்டினார். அதில் ஐந்து வரிகள் இருந்தன: 'இயந்திரங்களில் துரு இல்லை. பாதுகாப்பு வழக்கங்கள் சிறப்பாக உள்ளன. உதவியாளர் விதியை மீறியது தேவையான மீறல். இனி ஓட்டிப் பார்த்த பின் வண்ணம் பூசுக. வண்ணம் பூசிய பின்னும் ஓட்டிப் பார்க்க.'

பிரிவு மூடப்படவில்லை. இரண்டாண்டுகள் கழித்து என் பணி நிரந்தரமாயிற்று. சேகரின் மாமா மறு ஆண்டும் வண்ணத்துடன் வந்து நின்றார். தனபால் சார் அவருக்குத் தேநீர் கொடுத்து, சாம்பல் நிறம் மட்டும் பூசச் சொன்னார். அவர் பூசப்பூச, நான் ஒவ்வொரு கம்பியிலும் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். கோமதி தொழிற்பழகுநராகச் சேர்ந்து, பின்னாளில் தொழிற்பேட்டையில் ஒரு பிரிவின் மேற்பார்வையாளரானாள். அங்கே புதிதாகச் சேர்வோர் யாவரும் சாவியை உயர்த்திக் கூவுகிறார்களாம். காரணம் கேட்டால், கோமதி அம்மா சொல்லியிருக்கிறார் என்கிறார்களாம்.

பட்டறை இளைஞர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. லேத்துக்கு ஆரன் இல்லை. ஓட்டுபவருக்குக் குரல் உண்டு. இரண்டாம் எண் லேத்தை நீங்கள் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். இக்கட்டுரையை மட்டும் மின்பலகைக்கு அருகில், சாவிகள் தொங்கும் ஆணியில் ஓர் உறையிலிட்டு வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.